லூர்து மேரியின் சமையல் மேடை

சிஷ்யருக்கு அறுபத்தொரு வயது, குருவுக்கு நாற்பத்திரண்டு. திருச்சி தில்லைநகரில் ஒரு மாடி அறையில் அந்தக் குருகுலம் நடந்துகொண்டிருந்தது.

சிஷ்யர் நெடுஞ்செழியன், முப்பத்து மூன்று வருஷம் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். குரு மாணிக்கவல்லி, ஆர்க்கிடெக்ட்.

"இத்தனை வருஷம் வரைஞ்சவருக்கு நான் என்ன சார் சொல்லித் தர்றது?" என்று முதல் நாள் மாணிக்கவல்லி கேட்டார்.

"நான் வரைஞ்சது வீடு இல்ல மேடம். ஏ டைப், பி டைப், சி டைப். யாரு குடிவருவாங்கன்னு ஃபைல்ல இருக்காது."

அந்த ஒரு பதிலுக்காகவே அவரைச் சேர்த்துக்கொண்டார்.

பாடம் என்று எதுவும் நடத்த மாட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜைப் புதுப்பிக்கும் வேலை வந்தபோது, செழியனைப் பெட்டியும் கையுமாக இரண்டு நாள் அங்கே தங்க அனுப்பினார். குளித்துவிட்டு ஈரத்துண்டைக் காயப்போட இடமில்லாமல் அறைக்குள் அவர் அல்லாடிவிட்டு வந்த பிறகுதான் பென்சிலைத் தொட விட்டார். ஒரு கம்பெனி ஆபீஸை மாற்றிக் கட்டும் வேலைக்கு மத்தியானம் ஒரு மணிக்குக் கூட்டிப் போனார். அங்கே வேலை பார்க்கும் பெண்கள் மாடிப்படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"முதல்ல இவங்க சாப்பிட ஒரு இடம் வரைங்க. மேனேஜர் ரூம் எங்கயும் ஓடிப் போகாது," என்றார்.

அடுத்து வந்தது தைரியநாதனின் வீடு. அதை முழுசாகச் செழியனிடமே விட்டுவிட்டார் மாணிக்கவல்லி.

தைரியநாதன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். ஆறடிக்கு அரை விரல்தான் குறைவு. மனைவி லூர்து மேரி இறந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. சாலையை அகலப்படுத்துவதற்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனை இருந்தது. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருந்தார். ஒசூரில் இருக்கும் மகள் ரீட்டா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்பா தானே சமைத்துச் சாப்பிடுவதானால் பொன்மலையில் புது வீடு, இல்லையென்றால் ஒசூருக்கு வந்துவிட வேண்டும்.

"ஒசூர்ல எனக்கு யார சார் தெரியும்? இங்க கல்லறைத் தோட்டம் நடந்து போற தூரம்," என்றார் தைரியநாதன்.

"சமைக்க வருமா உங்களுக்கு?" என்று செழியன் கேட்டார்.

"வருமாவா? ஞாயித்துக்கிழமை கறி எப்பவும் நான்தான். கொல்லையில அடுப்பு வெச்சு, ஸ்டூல் போட்டு உக்காந்து செய்வேன்."

"அப்ப இத்தனை மாசம் ஏன் மெஸ்ல சாப்பிட்டீங்க?"

"தினம் கொல்லையில உக்காந்து சமைக்க முடியுங்களா? சமையக்கட்டுல நின்னா பத்து நிமிஷத்துல அவ ஞாபகம் வந்துடுது. இடுப்பு விட்டுப் போவுது. அடுப்ப அணைச்சிட்டு வெளிய வந்துடறேன்."

பிறகு அவரே சொன்னார். "வீட்ட எப்படி வேணா கட்டுங்க. சமையக்கட்டு மட்டும் அவ வெச்சிருந்தபடி அப்படியே வேணும். அது இருந்தா பழகிக்குவேன்."

செழியன் இரண்டு நாள் உட்கார்ந்து பழைய சமையல்கட்டை அளந்தார். தேங்காய் துருவித் துருவி வழுவழுத்துப் போயிருந்த மேடையின் ஓரம், அஞ்சறைப் பெட்டி இருந்த தட்டு, காலண்டர் ஆணி, ஒர்க்‌ஷாப் சங்குச் சத்தம் வரும் ஜன்னல் என்று ஒன்றையும் விடவில்லை. மேடை உயரம் இருபத்தெட்டு இஞ்ச்.

அளக்கும்போதே தன் அம்மாவின் சமையல்கட்டை நினைத்துப் பார்த்தார். ரசம் கொதிக்கும் வாசனை ஞாபகம் வந்தது, ஜன்னல் எந்தப் பக்கம் என்பது ஞாபகம் வரவில்லை. அவருக்கு அது பெரிய வருத்தமாக இருந்தது. இந்த மனிதருக்காவது எதுவும் தொலையக் கூடாது என்று எல்லாவற்றையும் இன்னொரு தடவை அளந்தார்.

வரைபடத்தை மாணிக்கவல்லியின் மேஜையில் விரித்தபோது செழியனுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

"ஆணி வரைக்கும் வந்துடுச்சு மேடம். ஒருத்தரோட ஞாபகத்தை வீட்டுக்குள்ள இதுக்கு மேல எப்படிக் கொண்டுவர்றது?"

மாணிக்கவல்லி வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "சனிக்கிழமை காலையில மனைக்குப் போவோம். அவரையும் வரச் சொல்லுங்க. ஒரு கேஸ் அடுப்பும், மூணு பேருக்கு உப்புமாவுக்கு வேண்டியதும் எடுத்துக்குங்க."

கேள்விக்கும் உப்புமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று செழியனுக்குப் புரியவில்லை. ரவை வாங்கி வைத்தார்.

சனிக்கிழமை மனையில் சுண்ணாம்புத் தூளால் சமையல்கட்டைக் கோடு போட்டார்கள். மேடை வரும் இடத்தில் செங்கல்லை அடுக்கி, மேலே சென்ட்ரிங் பலகையைப் போட்டார்கள். செழியன் டேப்பை வைத்து இருபத்தெட்டு இஞ்ச் சரிபார்த்தார்.

தைரியநாதன் வாசலுக்காக விட்டிருந்த இடைவெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பலகையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"அப்படியே இருக்கு சார்," என்றார். கண் கலங்கிவிட்டது. செழியனுக்கும்தான்.

"உப்புமா கிண்டுங்க சார், பசிக்குது," என்றார் மாணிக்கவல்லி.

தைரியநாதன் வெங்காயம் நறுக்கினார். காலை அகட்டி நின்றார். கடுகு வெடிக்கும்போது ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கொதிப்பதற்குள் இரண்டு தடவை நிமிர்ந்தார். ரவையைக் கொட்டாமலே அடுப்பை அணைத்துவிட்டு, சுண்ணாம்புச் சுவரைத் தாண்டிப் போய் செங்கல் குவியலில் உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா, அவ ஞாபகம் வந்துடுச்சு."

"ஞாபகம் இடுப்புலயா சார் வருது?" என்றார் மாணிக்கவல்லி.

தைரியநாதன் நிமிர்ந்து பார்த்தார். அவரையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் மறுபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய வீட்டு மேடையை இவ்வளவு தாழ்வா யாரு கட்டினது?" என்று மாணிக்கவல்லி கேட்டார்.

"நான்தான். மொதல்ல உசரமாத்தான் இருந்துச்சு. எங்கம்மா நல்ல உசரம், அவங்களுக்குன்னு கட்டினது. லூர்து நாலே முக்கால் அடி. கல்யாணமாகி வந்த புதுசுல மணைப்பலகை மேல ஏறி நின்னு சோறு வடிப்பா. ஒருநாள் தடுமாறி, கஞ்சி முழுக்கக் கையில கொட்டிடுச்சு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. ஷிப்ட் முடிஞ்சு வந்து கையப் பாத்தேன். மறுநாளே கொத்தனாரக் கூட்டிட்டு வந்துட்டேன். அவள மேடை பக்கத்துல நிக்க வெச்சு, முழங்கைய மடக்கச் சொல்லி அளந்தோம். மேல இருந்த கல்லப் பேத்து, ரெண்டு வரிசை செங்கல்ல எடுத்தாச்சு."

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"மூணு மாசம் என்னோட பேசல." வெந்தும் வேகாத வெங்காயம் கிடந்த வாணலியைப் பார்த்தார். "முப்பத்தெட்டு வருஷத்துல அவளுக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான் மேடம். அதையும் இடிக்கப் போறாங்க."

செழியன் கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டினார், விரித்தார், மறுபடியும் சுருட்டினார். பிறகு மாணிக்கவல்லியைத் தனியே அழைத்துப் போனார்.

"தப்புப் பண்ணிட்டேன் மேடம். மேடையை அளந்தேன், மனுஷனை அளக்கல. இந்த உயரத்துல கட்டினா அவரால சமைக்க முடியாது, ரீட்டா கூட்டிட்டுப் போயிடுவாங்க. உசத்திக் கட்டினா, அவரு சம்சாரத்துக்குச் செஞ்சது இல்லாமப் போயிடும். அப்படியே வேணும்னு கேட்டவருகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

மாணிக்கவல்லி டேப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அவர் கேட்டபடி அப்படியே கட்டுங்க சார். சமைக்கப் போறவரை மேடை பக்கத்துல நிக்க வெச்சு, முழங்கையை மடக்கச் சொல்லி, அளந்துட்டு வாங்க."