கடல் கை மாறக் கூடாது

மொட்டைப்பனை ஊர்க்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், சொன்னதைச் சொன்னபடியே செய்து முடிப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் யாரும் அவர்களிடம் வேலை சொல்லாததற்கு அதுதான் காரணம்.

அந்த ஊரில் தடிவீரன், உலகம்மாள் என்று ஒரு புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். இருவரில் உலகம்மாளுக்குத்தான் புத்தி கூடுதல் என்று ஊரே ஒத்துக்கொண்டிருந்தது. அவளும் மறுத்ததில்லை.

தடிவீரனின் அக்காளைத் தெற்கே தாழையடியில் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் மகள் பூரணத்துக்குக் கல்யாணம். தாய்மாமனும் அத்தையும் சீர்ப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஜோடியாக நடந்தே வர வேண்டும், மாமன் மாலை கழுத்தில் விழுந்த பிறகுதான் தாலி, என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மாப்பிள்ளை வீட்டாரோ தொட்டதற்கெல்லாம் முறுக்கிக்கொள்கிறவர்கள். முகூர்த்தம் தவறினால் வந்த வண்டியிலேயே திரும்பிவிடுவோம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார்கள்.

அக்காள் புருஷன் சிவனணைஞ்சானுக்கு மச்சினன் நேரத்துக்கு வந்து சேருவான் என்ற நம்பிக்கை இல்லை. காரணம் இருந்தது. பூரணத்தின் காதுகுத்துக்கு என்று கிளம்பி வழி தவறிய தடிவீரன், அவள் பெரியவளான சடங்குக்குத்தான் வந்து சேர்ந்தான். நல்லவேளை, அதற்கும் மாமன் வேண்டியிருந்தது.

அதனால் இந்தத் தடவை அவரே நேரில் வந்து வழி சொன்னார். “கடலோரமாவே நடந்தா ஊர் வந்துரும் மாப்ளே. கடல் உங்க இடது கைப் பக்கமே இருக்கணும். எக்காரணம் கொண்டும் கை மாறக் கூடாது. மாறிச்சுன்னா என் மக கல்யாணம் போச்சு.”

உலகம்மாள் அதை மனப்பாடம் செய்துகொண்டாள்.

கடற்கரைக்கு வந்து பார்த்தால் கடல் நேர் எதிரே கிடந்தது. இருவருக்கும் பகீர் என்றது. மெல்ல மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். கடலும் மெல்ல மெல்ல நகர்ந்து இடது கைக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவு பெரிய கடலை இடம் மாற்றிவிட்டோமே என்ற பெருமையோடு நடக்க ஆரம்பித்தார்கள்.

கரை மணல் முடிந்து பனங்காடு வந்தது. பனை நிழலில் கட்டுச்சோற்றைத் தின்றார்கள். அதையும் தாண்டிச் செம்மணல் தேரியில் கால் புதையப் புதைய ஏறி இறங்கிய பிறகுதான், பூரணத்துக்கு எடுத்த மாமன் பட்டுச் சேலையைப் பனை மூட்டடியிலேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. தடிவீரன் சட்டென்று திரும்ப முயன்றான். உலகம்மாள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“திரும்பினா கடல் எந்தக் கைக்கு வரும்?”

அவன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். “சோத்துக் கைக்கு.”

“அப்ப கல்யாணம்?”

“போச்சு.”

ஆகவே, திரும்பாமலே திரும்பிப் போவது என்று முடிவாயிற்று. தெற்கே பார்த்தபடி இருவரும் ஜோடியாகப் பின்னோக்கி நடந்தார்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர், எந்த ஊருக்கு என்று விசாரித்தார். தாழையடிக்கு என்றார்கள். தாழையடி எதிர்த்திசையில் அல்லவா இருக்கிறது என்றார் அவர்.

“தெரியும் அண்ணாச்சி. அதான் அது மேலேயே கண்ணா இருக்கோம்,” என்றாள் உலகம்மாள்.

அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, இருவரும் தேரியில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டு கிடைத்தது. வந்த அசதிக்குக் கொஞ்சம் கண்ணசரலாம் என்று பார்த்தால் அதிலும் ஒரு சிக்கல். மல்லாந்து படுத்துக் கடலை இடது கையில் வைத்துக்கொள்வதென்றால் தலையை வடக்கே வைக்க வேண்டும். மங்கல காரியத்துக்குப் போகும்போது வடக்கே தலை வைத்துப் படுப்பார்களா? யோசித்து யோசித்துக் கடைசியில் தெற்கே தலை வைத்துக் குப்புறப் படுத்தார்கள். மூக்கெல்லாம் மணல். தூக்கத்தில் தடிவீரன் புரண்டு மல்லாந்தபோதெல்லாம், உலகம்மாள் எழுந்து அவனைத் தோசை மாதிரி திருப்பிப் போட்டாள்.

உப்பளம் வந்ததும் பாதை உள்ளே வளைந்தது. மணல்மேடு மறைத்ததில் கடலைக் காணோம். தடிவீரன் அழுதே விட்டான். காணாத கடல் எந்தக் கையில் இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? உலகம்மாள் மட்டும் கலங்கவில்லை. மணல்மேட்டைத் தாண்டிப் போய், சீர்ப்பெட்டியில் இருந்த செம்புகளை எடுத்து ஆளுக்கொரு செம்பில் கடலை மொண்டு வந்தாள். தலையில் பெட்டி, இடது கையில் கடல் என்று உப்புப் பாத்திகளின் வரப்பில் நடந்தார்கள். வெயிலில் நின்ற உப்பள ஆள் ஒருவர் நாக்கு வறள்கிறது, ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டார். இது தண்ணீர் இல்லை, கடல் என்று தடிவீரன் பொறுமையாக விளக்கிவிட்டு நடந்தான்.

மறுபடி கரைக்கு வந்ததும் இரண்டு செம்பையும் சிந்தாமல் சிதறாமல் கடலில் ஊற்றினார்கள். மச்சான் சொன்னது ஒரு கடல்தானே, மூன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தாழையடிக்கு வந்தபோது முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. ஆனால் கல்யாண வீடு தெற்குப் பார்த்த வீடு. வாசலில் நுழைய வேண்டுமானால் வடக்கே திரும்ப வேண்டும். இவ்வளவு தூரம் காப்பாற்றிக் கொண்டுவந்த கடலை வாசலில் வந்தா கை மாற்றுவது? இருவரும் தெருவைப் பார்த்து நின்று, பின்னோக்கிப் பந்தலுக்குள் நடந்தார்கள்.

பந்தலில் இருந்தவர்களுக்கு மாமன் முதுகும் அத்தை முதுகும்தான் தெரிந்தன. மாமன் கோபித்துக்கொண்டு போகிறார் என்று ஒரு குரல் கிளம்பியது. மேளம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

“போறவரு கிட்ட வந்துக்கிட்டே இருக்காரே?” என்று ஒருவருக்குச் சந்தேகம்.

“கோவம் அம்புட்டு,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சிவனணைஞ்சான் ஓடி வந்து, பத்திரிகையில் பெயரைக் கடைசியில் போட்டது என் தப்புதான் என்று தடிவீரனின் முதுகைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மாவின் காதுப் பாம்படத்தைப் பங்கு வைக்காமல் நானே அமுக்கிக்கொண்டது உண்மைதான் என்று அக்காள் அழுதாள். மாமனுக்கு மூளை மொட்டை என்று ஊரெல்லாம் சொன்னது நான்தான் என்று ஒரு பங்காளி தானாக முன்வந்தான். அதுவரை தடிவீரனுக்கு இதில் எதுவுமே தெரியாது. இப்போது எல்லாம் தெரிந்தது. நிஜமாகவே கோபம் வந்தது.

“ஏட்டி, நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போகப் போறேன்.”

உலகம்மாள் நிலைமையை நாலா பக்கமும் ஆராய்ந்தாள். மூஞ்சி ஏற்கெனவே திரும்பித்தான் இருந்தது. இனித் திருப்பினால் அவர்களைப் பார்த்துத்தான் திரும்பும். கடலும் கை மாறிவிடும்.

“இப்ப கோவப்படத் தோதில்லைங்க. மாலையைப் போட்டுருவோம்.”

வேறு வழியில்லை. பூரணத்தை முன்பக்கமாகச் சுற்றி அழைத்து வந்தார்கள். தடிவீரன் மாலையைப் போட்டு, அவள் கையைப் பிடித்துப் பின்னோக்கியே நடந்து மணவறையில் விட்டான். மேளம் கொட்டியது. தாலி ஏறியது.

பெரிய இடத்து மாமன்மார் முதுகு காட்டித்தான் வருவார்கள் போலிருக்கிறது என்று தாழையடி அன்று தெரிந்துகொண்டது. பிறகு பந்திக்கு வந்தவர்களெல்லாம் வாசலில் ஒரு திரும்பு திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டே உள்ளே வந்தார்கள். முகத்தைக் காட்டி வந்த ஒருவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வண்டிமறிச்சானுக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணின் மாமனை அத்தனை பேர் கெஞ்சினார்கள், தன்னை ஒரு நாதி கெஞ்சவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பந்தலுக்கு முதுகைக் காட்டி விறுவிறுவென்று தெருவில் நடந்தார்.

முதுகைக் கண்டதும் பந்தலே எழுந்து கும்பிட்டது. வாங்க வாங்க என்று சிவனணைஞ்சான் அவர் போன திக்கில் பன்னீர் தெளித்தார். தலைவாழை இலை போட்டுச் சோறும் பருப்பும் வைத்தார்கள். வண்டிமறிச்சான் தெருமுனையைத் தாண்டி, தோப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

“ஆளு சிறுத்துக்கிட்டே வாராரே?” என்று சிவனணைஞ்சான் கவலைப்பட்டார்.

“சம்பந்தி வீடுல்லா, அடக்கமா வாராரு,” என்றாள் உலகம்மாள். “நீங்க பாயசத்தை ஊத்தச் சொல்லுங்க.”