கிடங்கு யாருடைய சொல்?

உடையவர் ‘எடு’ என்று சொல்லாமல் சுமைக்காரர் எதையும் தொடக்கூடாது. அந்தத் துறைமுகத்தில் இப்படிச் சட்டம் போட்டவர் அதிகாரி திருவெங்காடர். சரக்குக் கொட்டகையைக் ‘கிட்டங்கி’ என்றாள் சுமைக்காரி பைடம்மா. அவருக்குப் பொறுக்கவில்லை.

“கிடங்கு என்று சொல்! தமிழ்ச் சொல். பழம்பாட்டில் அகழி என்று பொருள்.”

“எங்க தெலுங்குல கிட்டங்கின்னா சரக்கு வைக்கிற இடம்ங்கய்யா. மலாய் மாலுமிங்க அதையே ‘குடாங்’னு சொல்றாங்க. யாரு யாருகிட்ட வாங்கினாங்களோ!”

“சொல்லுக்கு உடையவர் யாரென்று பொழுது சாய்வதற்குள் சொல். இல்லையென்றால் நாளை வேலைக்கு வராதே.”

பைடம்மா யோசித்தாள். “நீங்கதாங்கய்யா.”

அவர் மீசையை முறுக்கினார்.

மாலையில் வானம் கறுத்தது. கரையில் அவருடைய சர்க்கரை மூட்டைகள் கிடந்தன.

“எடுங்கள், சீக்கிரம்!”

ஒருவரும் அசையவில்லை.

“போற இடத்தோட பேரைக் கூவித்தானேங்கய்யா மூட்டை தூக்குவோம்?” என்றாள் பைடம்மா. “மூட்டையை எடுக்கச் சொன்னீங்க. அந்தப் பேரு உங்க சொத்தாச்சே, அதை எடுக்கச் சொல்லலையே!”

தூறல் விழுந்தது.

“எடுத்துத் தொலையுங்கள்! அது எல்லோருக்கும் பொது!”

“கிட்டங்கி!” “குடாங்!” “கிடங்கு!” கூவிக்கொண்டே சுமைக்காரர்கள் மூட்டைகளோடு ஓடினார்கள். அவரும் ஒன்றைத் தோளில் ஏற்றினார்.

“நாளைக்கு வேலைக்கு வரலாங்களாய்யா?”

“வா, வா! முதலில் அந்தக் கிட்டங்கிக் கதவைத் திற!”