குளக்கரையில் மூன்று குவியல்

ஆவாரங்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அதைச் சுற்றி முயல், நரி, கீரி, காட்டுப்பூனை, ஆமை என்று பல குடும்பங்கள் வாழ்ந்தன. வீட்டில் மிஞ்சுவது எதுவானாலும் குளத்தில்தான் விழும். ஒரு கோடையில் தண்ணீர் நாறிப்போனது. வாய் வைக்கவே முடியவில்லை. எல்லோரும் கூடிப் பேசி, புதிதாக ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார்கள்.

ஒவ்வொரு வளை வாசலிலும் மூன்று குவியல் இருக்க வேண்டும். பழத்தோலும் தழையும் ஒரு குவியல். எலும்பும் ஓடும் இன்னொன்று. உதிர்ந்த முடியும் நாரும் மற்றொன்று. கட்டையன் என்ற காட்டுப்பன்றி காலையில் ஈச்சங்கூடைகளோடு வந்து எடுத்துப் போவான். தோலை வண்டுகள் மண்ணாக்கும். முள்ளம்பன்றிகள் எலும்பைக் கடித்துத் தங்கள் பற்களைத் தேய்த்துக்கொள்ளும். முடியையும் நாரையும் அணில்கள் கூட்டுக்குள் மெத்தையாக விரிக்கும்.

தும்பை என்ற முயல் இதை ஒரு நோன்பு மாதிரிச் செய்துவந்தாள். உதிர்ந்த முடியில் முள் ஒட்டியிருந்தால் பல்லால் கடித்து எடுத்துவிட்டுத்தான் வைப்பாள்.

"இவ்வளவு மெனக்கெடவேண்டுமா?" என்று பக்கத்து வளைக் கீரி கேட்டது. கீரி எதை எந்தக் குவியலில் போடும் என்று கீரிக்கே தெரியாது.

"அணில் குஞ்சுக்கு முள் குத்தினால் பாவம் இல்லையா?" என்றாள் தும்பை.

ஒருநாள் அவள் இளம்புல் தேடி மேட்டுப் பக்கம் போனாள். அங்கே ஓடை தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. பள்ளத்தின் விளிம்பில் கட்டையன் நின்றிருந்தான். மூன்று கூடைகளையும் ஒவ்வொன்றாக அந்தப் பள்ளத்திலேயே கவிழ்த்தான். பழத்தோலின் மேல் எலும்பு விழுந்தது. அதன் மேல், காலையில் அவள் முள் பொறுக்கி வைத்த முடி விழுந்தது.

தும்பை அவனைக் கூப்பிடவில்லை. புல்லையும் மறந்து வீட்டுக்குத் திரும்பினாள். வாசலில் மறுநாளைக்காகச் சேர்த்துவைத்த மூன்று குவியலையும் பின்னங்காலால் எத்தி ஒன்றாக்கினாள். அதன் பிறகுதான் அழுகை வந்தது.

செய்தி காடு முழுக்கப் பரவியது. காட்டெருமை தலைமையில் கூட்டம் கூடியது.

"கட்டையா, தும்பை சொல்வது உண்மையா?" என்று காட்டெருமை கேட்டது.

"உண்மைதான்" என்றான் கட்டையன். அதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

மூக்கன் என்ற கிழநரி எழுந்து நின்றது.

"எல்லாம் பள்ளத்துக்குத்தான் போகிறது என்றால் நாம் எதற்குப் பிரிக்கவேண்டும்? பிரிப்பதும் வீண், சுமப்பதும் வீண். அவரவர் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வருவோம். வேலை மிச்சம்."

நரியின் மனதுக்குள் வேறொரு காரணமும் இருந்தது. அதற்குப் பற்கள் பெரும்பாலும் விழுந்துவிட்டன. ஓடும் இரையைப் பிடிக்க முடியாது. எலும்பில் ஒட்டியிருக்கும் இறைச்சியை நக்கித்தான் வயிற்றைக் கழுவியது. எல்லா வீட்டு எலும்பும் பள்ளத்தில் குவிந்தால் உட்கார்ந்த இடத்திலேயே சாப்பாடு. இதை நாலு பேர் முன்னால் சொல்ல அதற்கு வெட்கம்.

கீரி உடனே தலையாட்டியது. மற்றவர்களும் ஆட்டினார்கள். பலருக்கும் உள்ளூர நிம்மதிதான்.

"தும்பை, நீ என்ன சொல்கிறாய்?" என்று காட்டெருமை கேட்டது.

"ஏமாந்தது போதும். விட்டுவிடுவோம்" என்றாள் அவள்.

அன்றோடு வழக்கம் நின்றது. கொஞ்ச காலம் எல்லோருக்கும் சுகமாகத்தான் இருந்தது. பிரிக்கிற வேலை இல்லை. பள்ளத்தில் மட்டும் எல்லாம் சேர்ந்து அழுகி, மேடாகிக்கொண்டே வந்தது.

பிறகு மழை பிடித்தது. பள்ளம் நிரம்பியது. ஓடை அத்தனையையும் அள்ளிக்கொண்டு நேராகக் குளத்துக்கு வந்தது.

மழை விட்ட காலையில் தும்பை தண்ணீர் குடிக்கப் போனாள். குளம் பழுப்பாக நுரைத்துக் கிடந்தது. கரையில் கல்லம்மா என்ற ஆமை, தன் குஞ்சு ஒன்றை மூக்கால் தள்ளித் தள்ளி மேலே ஏற்ற முயன்றுகொண்டிருந்தது. குஞ்சின் கழுத்திலும் முன்னங்கால்களிலும் ஏதோ இறுகச் சுற்றியிருந்தது. அதனால் தலையை உள்ளே இழுக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை.

"தும்பை, எனக்குப் பல் இல்லையே. கொஞ்சம் பாரேன்" என்றது கல்லம்மா.

தும்பை குஞ்சை மண்ணில் மல்லாத்திப் பிடித்து, பார்த்துப் பார்த்துக் கடித்தாள். ஒவ்வொரு இழையாக அறுந்தது. குஞ்சு அசையாமல் கிடந்தது. கடைசி இழை அறுந்ததும் ஒரு தரம் வாயைத் திறந்து மூடியது. பிறகு காலை உதைத்தது.

தும்பை வாயிலிருந்ததைத் துப்பினாள். நாரும் முடியும் முறுக்கிக்கொண்ட கயிறு அது. அதில் அவளுடைய வயிற்று முடியும் இருந்தது, வெள்ளையாக.

"கல்லம்மா, இது என் வீட்டுக் குப்பை" என்றாள்.

"யார் வீட்டுதோ, எனக்குத் தெரியாது. குஞ்சு மூச்சு விடுகிறது. எனக்கு அது போதும்" என்றது கல்லம்மா.

தும்பை அங்கிருந்து நேரே கட்டையனின் புதருக்குப் போனாள். கூட்டத்துக்குப் பிறகு அவனோடு யாரும் பேசியிருக்கவில்லை. அவன் ஒரு காலை மடக்கிப் படுத்திருந்தான்.

"அண்ணே, ஏன் அப்படிச் செய்தீர்கள்? அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும். கோபத்தில் கேட்காமல் விட்டுவிட்டேன்."

கட்டையன் காலை நீட்டிக் காட்டினான். குளம்புக்கு மேலே சீழ் வைத்த புண்.

"பழத்தோல் கூடை சரிந்தபோது காலால் நிமிர்த்தினேன். உள்ளே இருந்த எலும்புச் சில்லு ஏறிவிட்டது. அதோடு நொண்டி நொண்டி முள்ளம்பன்றிப் பாறைக்குப் போனால், 'எலும்பெல்லாம் இறைச்சி ஒட்டி நாறுகிறது, வேண்டாம்' என்று திருப்பிவிட்டார்கள். அணில்கள் கூடு கட்டும் காலத்தில் மட்டும் நார் கேட்டார்கள். மற்ற நாளில் வாங்கவில்லை. கசக்கும் எட்டிக்காயின் ஓட்டை எவரும் தொடவில்லை. திரும்பிச் சுமக்கக் காலில் தெம்பு இல்லை, தும்பை. பள்ளத்தில் கொட்டினேன்."

"கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் எல்லோரும் எவ்வளவு ஆசையாகப் பிரித்து வைத்தீர்கள்! நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண் என்று எந்த வாயால் சொல்வது?"

தும்பை அவன் புண்ணை நக்கித் துடைத்தாள். சில்லின் நுனி தெரிந்ததும் பல்லால் பிடித்து இழுத்தாள். கட்டையன் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்தான்.

அன்று மாலையே இன்னொரு கூட்டம் கூடியது. குளத்து நாற்றம் எல்லோர் மூக்கிலும் ஏறியிருந்ததால் யாரையும் வற்புறுத்தி அழைக்க வேண்டியிருக்கவில்லை. கட்டையன் நடந்ததைத் தானே சொன்னான். எலும்புச் சில்லைப் பற்றிக் கேட்டதும் கீரி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"பிரித்ததில் தப்பில்லை" என்றாள் தும்பை. "வாசலைத் தாண்டியதும் நாம் திரும்பிப் பார்க்காததுதான் தப்பு. வாங்க ஆள் இருப்பதைப் பிரிப்போம். அணில்கள் கேட்கும்வரை நாரை அவரவர் வளையிலேயே வைத்திருப்போம். எட்டி ஓட்டை யாரும் வாங்கமாட்டார்கள். அதை மேட்டில் புதைப்போம். கூடையோடு தினமும் நம்மில் ஒருவர் போய்வருவோம்."

"எலும்பை என்ன செய்வாய்? இறைச்சி ஒட்டியதை முள்ளம்பன்றி வாங்காதே" என்றது மூக்கன். "எலும்பை மட்டும் பள்ளத்திலேயே விடலாம்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மூக்கன் பள்ளத்தில் படுத்துக் கிடப்பதை அதற்குள் பலரும் பார்த்திருந்தார்கள். காட்டுப்பூனை ஏதோ சுடச்சுடச் சொல்ல வாயெடுத்தது. தும்பை முந்திக்கொண்டாள்.

"மாமா, எலும்பு முதலில் உங்கள் குகைக்கு வரட்டும். ஒட்டியிருப்பதை நீங்கள் சாப்பிடுங்கள். சுத்தமான எலும்பைக் கட்டையன் அண்ணன் பாறைக்குக் கொண்டுபோகட்டும்."

மூக்கன் அவளையே பார்த்தது.

"தினமும் தருவீர்களா?" என்று மெதுவாகக் கேட்டது.

"தினமும்" என்றது காட்டெருமை.

கட்டையனின் கால் தேறியதும் கூடைகள் மறுபடி கிளம்பின. முதல் நாள் தும்பையே உடன் போனாள். மூக்கன் நக்கிக் கொடுத்த எலும்புகள் வெயிலில் வெளேரென்று இருந்தன. கிழட்டு முள்ளம்பன்றி ஒன்று வெளியே வந்து, முகர்ந்து பார்த்து, ஒன்றை எடுத்துக் கடித்தது. கடகடவென்று சத்தம் கேட்டது. பிறகு, "இது வேண்டும். நாளைக்கும் கொண்டுவாருங்கள்" என்றது.

திரும்பும் வழியில் கட்டையன், காலிக் கூடைகள் முதுகில் ஆட, தும்பையால் கூடவர முடியாத வேகத்தில் நடந்தான்.

பள்ளத்தில் கிடந்த பழையதை வாரி முடிக்க எல்லோருக்கும் இடுப்பு ஒடிந்தது. குளமும் உடனே தெளிந்துவிடவில்லை. மார்கழிப் பனி விழத் தொடங்கியபோதுதான் ஆமைக்குஞ்சுகள் அடித்தரையில் ஊர்வது கரையிலிருந்து தெரிந்தது.

நல்ல வழக்கம் ஒன்று பலன் தரவில்லை என்றால், அதைக் கைவிடுவதற்கு முன் அது எந்த இடத்தில் முறிந்தது என்று போய்ப் பார்க்க வேண்டும்.