இரண்டு பூஜ்யங்கள்

"என் கை போதாதா, மேடம்? நடுவுல எதுக்கு ஒரு ஸ்கேன்?"

கேட்டவர் டாக்டர் தண்டபாணி. இருபத்தெட்டு ஆண்டுகளாக மூளை அறுவை செய்பவர். அறுவை அரங்கை ஒட்டியே எம்.ஆர்.ஐ. இயந்திரம் வைத்திருக்கும் இந்த மருத்துவமனைக்கு, தம்மைவிடப் பதினைந்து வயது இளைய டாக்டர் மெஹருன்னிசாவிடம் கற்றுக்கொள்ள வந்திருந்தார். வந்ததே பெருந்தன்மை என்பது அவருடைய எண்ணம்.

மேசைமேல் மயக்கத்தில் செல்லையா. தூத்துக்குடியில் மீன் ஏலம் கூறுபவர். கட்டி, பேச்சு பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில். மிச்சம் விட்டால் மறுபடி வளரும்; மிகையாக எடுத்தால் ஏலம் கூறக் குரல் இராது.

"எவ்வளவு மிச்சம் இருக்கு, சார்?" என்றார் மெஹருன்னிசா.

தண்டபாணி நுண்நோக்கியில் குழியைச் சுற்றிப் பார்த்தார்.

"பூஜ்யம்."

"சிஸ்டர், சார் பேருக்கு நேரா பூஜ்யம் போடுங்க. எனக்கும் பூஜ்யம்."

சிஸ்டர் ஜெசிந்தா வெள்ளைப் பலகையில் எழுதினார். "ஸ்கேனுக்கு முன்னாடியே எழுதிடணும், சார். பின்னாடி எழுதினா எல்லாருமே ஞானிதான்."

"ரெண்டு பேரும் பூஜ்யம்னா மூடிடலாமே!"

"கத்தரிய எண்ணுங்க, சிஸ்டர்" என்றார் மெஹருன்னிசா.

எண்ணினார்கள். ஒன்று விடுபட்டாலும் எம்.ஆர்.ஐ.யின் காந்தம் அதைச் செல்லையாவின் தலைக்கே அனுப்பிவைக்கும்.

நாற்பது நிமிடம். கண்ணாடிக்கு இப்பால், திரையின் முன் தண்டபாணி கைகட்டி நின்றார். பரீட்சை முடிவுக்காக இப்படி நின்று முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

படம் வந்தது.

குழியின் பின்மடிப்பில், பட்டாணி அளவில், வெள்ளையாக ஒன்று.

தண்டபாணியின் முகம் தொங்கிப்போயிற்று. இத்தகைய வெள்ளைகளை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். எல்லாம் அறுவைக்கு மறுநாள் எடுத்த படங்களில். 'முழுசா எடுத்தாச்சும்மா' என்று முந்தின நாளே நோயாளிகளின் மனைவிமாரிடம் சொல்லி முடித்திருப்பார்.

மெஹருன்னிசா கைதட்டிச் சிரித்தார்.

"பேச்சுப் பகுதியிலேர்ந்து எட்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கு. தாராளமா எடுக்கலாம்! சிஸ்டர், ரெண்டு பூஜ்யத்தையும் அடிச்சிடுங்க."

சிஸ்டரும் சிரித்துக்கொண்டே அடித்தார்.

தண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. "நாம ரெண்டு பேருமே தப்பு. இதுல என்னம்மா சிரிப்பு?"

"தலை இன்னும் திறந்துதானே இருக்கு, சார்?"

தண்டபாணி திரையில் அந்த வெள்ளையை மறுபடி பார்த்தார்.

பிறகு, ஐம்பத்தாறு வயதில், கை கழுவும் தொட்டியை நோக்கி ஓடினார்.