ஒரு சாண் தள்ளி

சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்தில் அந்த வருஷம் பன்னீர் ரோஜா பூக்கவில்லை. மொட்டு விட்டதும் அசுவினிப் பூச்சி பச்சைப் பொடி தூவினாற்போல் அப்பிக்கொள்ளும். இரண்டு நாளில் மொட்டு கருகிவிடும். ஆசிரமத்தைத் தொடங்கிய பெரியவரின் சமாதிக்கு வியாழக்கிழமை தோறும் போகும் ரோஜா மாலை நின்று நாலு மாசம் ஆகியிருந்தது.

தோட்டம் வேதமூர்த்தியின் பொறுப்பில் இருந்தது. நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து, ஓய்வு பெற்றபின் சீடராக வந்தவர். வயது அறுபத்திரண்டு. உத்தியோகம் ஓய்ந்தாலும் மூக்கு ஓயவில்லை. சமையலறையில் பால் லேசாகத் திரிந்தால் வாசலிலிருந்தே சொல்லிவிடுவார்.

அவர் ஆசிரமத்தை நடத்தும் அம்மாவிடம் போனார். அம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர்.

“அம்மா, ரோஜாவுக்குப் பக்கத்துல துணைக்கு வேற செடி வச்சா பூச்சி அண்டாதாம். எதை வைக்கலாம்?”

“நீங்க எதை நினைச்சிருக்கீங்க?”

“துளசி வச்சேன். மரிக்கொழுந்து வச்சேன். பார்க்க லட்சணமா இருக்கட்டும்னு செண்டுமல்லியும் வச்சேன்.”

“என்ன ஆச்சு?”

“இப்ப அதுங்களையும் சேர்த்துப் பூச்சி தின்னுது.”

அம்மா ரோஜாப் பாத்திப் பக்கம் பார்த்தார்.

“பொன்னுரங்கத்தைப் போய்க் கேளுங்க” என்றார்.

வேதமூர்த்தியின் முகம் தொங்கிப்போயிற்று.

பொன்னுரங்கம் கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறைக்காரர். ஏழு வருஷம் ஆசிரமத்தில் இருந்தவர். அந்த ரோஜாக்களை வைத்ததே அவர்தான். அவற்றின் நடுவே புல்லோடு புல்லாக வேறொன்றையும் வைத்திருந்தார். ஒருநாள் களை பிடுங்கப் போன வேதமூர்த்தி, ஒரு பச்சைத் தாளைக் கசக்கி முகர்ந்து பார்த்தார். பூண்டு! வெங்காயமும் பூண்டும் வாசலைத் தாண்டக் கூடாத இடத்தில், சமாதிக்குப் போகும் பூவுக்குப் பக்கத்திலேயே பூண்டு. பூஜைக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளியே எறிந்தார். அதோடு விட்டிருக்கலாம். “எத்தனை முழுக்குப் போட்டாலும் உன் ஊர்ப் பூண்டு வாடை உன்னை விட்டுப் போகாது” என்றும் சொல்லிவிட்டார்.

பொன்னுரங்கம் அம்மா நின்றிருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். அம்மா கொஞ்சம் தள்ளிப் பவழமல்லி மரத்தடியில் நின்றிருந்தார். மறுநாள் காலை மணி அடித்தபின் பார்த்தபோது பொன்னுரங்கத்தின் அறை காலியாக இருந்தது.

அது ஏழு மாசத்துக்கு முன்னால். அன்றைக்கு ஆரம்பித்து, தான் சொன்ன வார்த்தை வேதமூர்த்தியைச் சுட்டுக்கொண்டே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இலை இல்லாதது தெரிந்தது.

“அவர் முகத்துல நான் எப்படிம்மா முழிப்பேன்?”

“தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தானே. போய்ட்டு வாங்க.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “வந்தா கூட்டிக்கிட்டு வாங்க.”

வேதமூர்த்தி பஸ் ஏறினார்.

பூம்பாறையில் தூறிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கத்தின் வீட்டு அடுப்புக்கு மேலே, புகை படும்படி பூண்டுக் கட்டுகள் வரிசையாகத் தொங்கின.

“வாங்க சார், நனைஞ்சிட்டீங்களே” என்றார் பொன்னுரங்கம். கடுங்காப்பி வைத்துக் கொடுத்தார். வீடெல்லாம் பூண்டு வாடை. வேதமூர்த்தி மூச்சுக் காட்டாமல் குடித்தார்.

“ரோஜாவெல்லாம் போகுது, பொன்னுரங்கம்.”

“அசுவினியா?”

“ஆமா.”

பொன்னுரங்கம் எழுந்து ஒரு கட்டை அவிழ்த்து எடுத்தார்.

“பல்லு பல்லாப் பிரிச்சு ஊனுங்க. தண்டுலேர்ந்து ஒரு சாண் தள்ளி. ரொம்ப ஒட்டி வச்சா ரோஜா வேர்ல அடிபடும். ஒரு சாணுக்கு மேல தள்ளினா வச்சதே வீண். வாடை எட்டாது, பூச்சி தைரியமா வந்துடும்.”

“பூவுல வாடை ஏறாதா?”

“மூணு வருஷம் பூண்டு அங்கேதான் இருந்துச்சு. மாலையெல்லாம் நீங்கதான் கட்டினீங்க. ஏறுச்சா சார்?”

வேதமூர்த்தி தன் மூக்கைத் தொட்டுக்கொண்டார். காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“அன்னைக்கு நான் சொன்னதை மன்னிச்சிடுங்க.” அன்றைக்கு ‘உன் ஊர்’ என்றவருக்கு இன்றைக்கு ‘நீங்க’ வந்தது.

“அந்தக் கோவம் சாயங்காலமே போயிடுச்சு சார். உங்க வாய் எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஏன் கிளம்பினீங்க?”

பொன்னுரங்கம் அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார்.

“பூண்டு வச்சது அம்மாவுக்குத் தெரியும் சார். கேட்டுக்கிட்டுத்தான் வச்சேன். செடிக்கு நல்லதுன்னா வைங்கன்னாங்க.”

வேதமூர்த்தி அவரையே பார்த்தார்.

“ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு நின்னேன். கூப்பிட்டு அனுப்புவாங்கன்னு காலை மணி அடிக்கிற வரைக்கும் இருந்தேன். அப்புறம்தான் பையைத் தூக்கினேன்.”

“அம்மா உங்களைக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க. வாங்க, போலாம்.”

பொன்னுரங்கம் பூண்டைப் பையில் போட்டு, வாயைக் கட்டி அவர் கையில் கொடுத்தார்.

“பூண்டு வரும் சார். நான் வரலை.”

மறுநாள் வேதமூர்த்தி ஆசிரம வாசலில் வந்து நின்றார். ‘வெங்காயம், பூண்டு, புகையிலை உள்ளே கொண்டுவரக் கூடாது’ என்று அங்கே ஒரு பலகை இருந்தது. அவரே பெயிண்ட் அடித்து மாட்டியது. கையில் பையோடு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

அம்மா வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

“வரலையா?”

“வரலைம்மா.”

அம்மா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். நேராக ரோஜாப் பாத்திக்குப் போய் மண்ணில் உட்கார்ந்தார்.

“எப்படி வைக்கணும்னு சொன்னார்?”

“தண்டுலேர்ந்து ஒரு சாண் தள்ளி. அதுக்கு மேல தள்ளினா வீணாம்.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லலைம்மா.”

ஆசிரமத்துக்கு வந்தபிறகு வேதமூர்த்தி சொன்ன முதல் பொய் அது. அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். திரும்பக் கேட்கவில்லை.

செடியின் தண்டில் கட்டைவிரலை வைத்து, கையை விரித்து, சுண்டுவிரல் தொட்ட இடத்தில் ஒரு பல்லை ஊன்றினார். அடுத்த செடிக்கு நகர்ந்து அங்கேயும் அளந்து ஊன்றினார். மூன்றாவது செடியில் விரித்த கை விரித்தபடியே நின்றுவிட்டது.

“ஒரு சாணுக்கு மேல தள்ளினா வீண்னுதானே சொன்னார்?”

“ஆமாம்மா.”

அம்மா தலையைத் தூக்கிப் பவழமல்லி மரத்தைப் பார்த்தார்.

“அன்னைக்கு நான் பத்தடியில நின்னேன்” என்றார்.