ஆனி மாதத்தில் அடித்த முரசு

முதலில் யாருக்கு அநியாயம் நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். கதை அப்புறம்.

அநியாயம் நடந்தது கடமான்களுக்கு. அவை வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வாசலில் போய் நின்று, "யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. "சரி, யாரும் இல்லை" என்று முடிவுகட்டி வீட்டையே எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் கடைக்குப் போயிருக்கும்போது ஒருவர் வந்து கதவைத் தட்டிவிட்டு, "ஆள் இல்லை, ஆகவே வீடு எனக்கு" என்றால் சும்மா இருப்பீர்களா? மாட்டீர்கள் அல்லவா? அப்படியானால் கேளுங்கள்.

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மரியாதையாகக் கேட்டால் விலங்குகளும் வாய் திறந்து பதில் சொன்ன காலத்தில், வடக்கே, வடக்குக்கும் வடக்கே, பனிக்கோடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டுக் கடமானை நம் மலைக்காட்டுக் கடமான் என்று நினைத்துவிடாதீர்கள். இது குதிரையைவிட உயரம். தோளில் திமில். ஆண் மானுக்கு, விரித்த உள்ளங்கை போல அகன்ற கொம்பு. தொங்கும் மேலுதடு. கழுத்துக்கடியில் ஆடுகிற ஒரு தோல் தொங்கல். அழகா என்று கேட்டால் அழகுதான் என்பேன். இல்லை என்பவர்கள் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

கோடையில் கடமான்கள் மேலே, மலை ஏரிகளுக்குப் போகும். கழுத்துவரை தண்ணீரில் நின்று, உப்புக்கரிக்கும் நீர்ப்பூண்டுகளைப் பிடுங்கித் தின்னும். வெயில் உறைக்காது, ஈ மொய்க்காது. குளிர் வந்ததும் கீழே, ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கும். அங்கே அடர்ந்த ஊசியிலை மரங்கள் பனியைத் தங்கள் தலையில் தாங்கிக்கொள்ளும். அடியில் முழங்கால் அளவு பனிதான். ஆற்றோரப் புதர்களில் மெல்லிய குச்சிகள், தைமாதம் வரைக்கும், அதற்குப் பிறகும். அதே நாட்களில் மலைமேல் பனி மார்புவரை ஏறிவிடும், கன்றுக்கோ காதுவரை.

வழியை யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மா முன்னால், கன்று பின்னால். அந்தக் கன்று வளர்ந்து அம்மா ஆகும். அதன் பின்னால் அதன் கன்று. போவோம், இருப்போம், திரும்புவோம். கடமான்களின் சட்டம் இந்த மூன்று சொல்தான்.

அந்த நாட்டு அரசன் சீதளவர்மனுக்கும் இரண்டு மாளிகைகள். கோடைக்கு ஏரிக்கரையில் மேல்மாளிகை. குளிருக்குப் பள்ளத்தாக்கில் கீழ்மாளிகை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரசனுக்கு அது நினைவில் இல்லை.

ஒருநாள் அரசனுக்கு ஓர் ஆசை வந்தது. கீழ்மாளிகையிலிருந்து ஆறுவரை பனிச்சறுக்கு வண்டி விட வேண்டும். நடுவில் காடு நின்றது.

"வெட்டிவிடலாமே, மகாராஜா" என்றான் மந்திரவாதி தூமகண்டன்.

"சட்டம் இருக்கிறதே. எந்த நிலத்தை எடுத்தாலும் முரசறைந்து மூன்று தடவை கேட்க வேண்டும். கடமான்கள் 'இருக்கிறோம்' என்று சொல்லிவிட்டால்?"

"எப்போது கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் ஆனி மாதத்தில் கேட்போம்" என்று தூமகண்டன் சிரித்தான். அதோடு விடவில்லை. முரசின்மேல் சாம்பலைத் தூவி மந்திரம் போட்டான். "மூன்று தடவை கேட்டும் பதில் சொல்லாதவர் அந்த இடத்துக்குப் போகும் வழியையே மறந்துவிடுவார். ஒன்றே ஒன்றில் மட்டும் கவனம், மகாராஜா. 'போனவர் வருவார்' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. வந்தால் முரசு கிழியும், மந்திரம் போகும்."

"நான் ஏன் அதைச் சொல்லப்போகிறேன்?" என்றான் அரசன்.

இதையெல்லாம் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் முரசுக்காரி தத்தை. கதவருகே ஒளிந்து நின்றாள் என்று நினைக்காதீர்கள். முரசைக் கழற்றித் தரையில் வைக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் முறை. ஆகவே முரசு இருந்த இடத்தில் அவளும் இருந்தாள். அவளை யாரும் ஆளாகவே நினைக்கவில்லை.

ஆனி மாதம் அவளைப் பள்ளத்தாக்குக்கு அனுப்பினார்கள். அவள் முதல் தடவை அடித்தாள். "இங்கே யார் இருக்கிறீர்கள்?" பதில் இல்லை. இரண்டாம் தடவை அடித்தாள். பதில் இல்லை. மூன்றாம் தடவை கை தயங்கியது.

"அடி, பெண்ணே! ஆணை!" என்றான் உடன்வந்த காவலன்.

அடித்தாள். ஒரு மரங்கொத்தி மட்டும் பறந்து போனது.

ஆணை என்றால் அடித்துவிடுவதா என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதையேதான் தன்னிடம் கேட்டாள். ஆடி முழுக்கக் கேட்டாள், ஆவணி முழுக்கவும் கேட்டாள்.

குளிர் வந்தது. அரசன் கீழ்மாளிகைக்கு இறங்கினான். ஒவ்வோர் ஆண்டும் போல இந்த ஆண்டும் தாயக்காய்களை மேலேயே மறந்துவிட்டான்.

"ஏ முரசுக்காரி, போய் எடுத்துவா. தை பிறந்த பிறகுதான் மரம் வெட்டுவார்கள். அதுவரை பொழுது போக வேண்டாமா?"

தத்தை பனிச்செருப்பு கட்டிக்கொண்டு, முதுகில் முரசோடு மலையேறினாள். ஏரிக்கரையை அடைந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கடமான்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தன. பனி மார்புவரை. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி மிதித்து ஒரு பள்ளமே ஆகியிருந்தது. எட்டிய பட்டையையெல்லாம் உரித்துத் தின்றாயிற்று. நடுவில் ஒரு கன்று படுத்திருந்தது. அதன்மேல் காற்று படாமல் மறைத்து நின்றவள் கூட்டத்தின் தலைவி நெட்டைக்காலி.

"அக்கா, ஏன் இன்னும் இறங்கவில்லை?"

"எங்கே இறங்குவது?" என்றாள் நெட்டைக்காலி. "ஓர் இடம் இருந்தது, பெண்ணே. அங்கே பனி மெல்லிசாக இருக்கும். தலைக்குமேல் மரம் பெருமூச்சு விடுவது கேட்கும். என் அம்மா முன்னால் நடப்பாள். அவள் குளம்புத் தடத்தில் என் குளம்பை வைத்தால் அளவாக இருக்கும். மூன்றாம் நாள் ஆற்றின் வாசனை வரும். அம்மா நின்று, திரும்பி, 'வந்தாச்சு' என்பாள். அந்த 'வந்தாச்சு' இன்னும் காதில் இருக்கிறது. எங்கே வந்தோம் என்பதுதான் இல்லை."

கன்று தலையைத் தூக்கி, "அம்மா, அந்த இடம் நிஜமா?" என்று கேட்டது.

நெட்டைக்காலி அதன் காதை நக்கிக்கொடுத்தாள்.

தத்தை சொன்னாள்: "நிஜம். வழியை உங்களிடமிருந்து பிடுங்கிய முரசு இதுதான். அடித்தவள் நான்தான்."

"ஓ, நீயா!" நெட்டைக்காலி மூக்கைச் சுருக்கினாள். "இப்போது எதை அடிக்க வந்தாய்? மிச்சம் இருப்பது இந்தப் பள்ளம் ஒன்றுதான்."

"வாருங்கள், நானே வழிகாட்டுகிறேன்!"

தத்தை முன்னால் நடந்தாள். கடமான்கள் பின்னால் வந்தன. மலைமுகட்டைத் தாண்டியதும் அவற்றின் கால்கள் தாமாகத் திரும்பிக்கொண்டன. மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் ஏரிக்கரையில் போய் நின்றன. மந்திரம் மந்திரம்தான்.

தத்தை மேல்மாளிகைப் படியில் போய் உட்கார்ந்தாள். கதவு பூட்டியிருந்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. புகைபோக்கியில் புகை இல்லை. அவள் மாளிகையைப் பார்த்தாள், முரசைப் பார்த்தாள், மறுபடி மாளிகையைப் பார்த்தாள்.

"யாருமே இல்லையே!" என்று துள்ளி எழுந்தாள்.

முதல் தடவை அடித்தாள். "இந்த மாளிகையில் யார் இருக்கிறீர்கள்?" பதில் இல்லை. இரண்டாம் தடவை அடித்தாள். பதில் இல்லை. மூன்றாம் தடவை கை தயங்கவே இல்லை. உள்ளே ஒரு சிலந்திகூட இருமவில்லை.

மூன்றே நாளில் அவள் கீழே வந்தபோது அரசன் சாப்பிடாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான்.

"தாயக்காய்கள் எங்கே?"

"எங்கே விட்டீர்கள், மகாராஜா?"

"அது... ஓர் இடம்." அரசன் நெற்றியைத் தேய்த்தான். "தண்ணீர் இருக்கும். விடிந்ததும் அல்லிப் பூ விரியும். நான் நடை பழகியது அந்தப் படிகளில்தான். என் அம்மா மேல்படியில் நின்று கைநீட்டி, 'வா, வா' என்பாள். அந்தப் படிகள் எங்கே இருக்கின்றன?" "மூன்று நாளாக நினைத்துப் பார்க்கிறேன். வழி வர மாட்டேன் என்கிறது."

"அந்த இடம் இனி உங்களுடையது இல்லை, மகாராஜா. முரசறைந்து மூன்று தடவை கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை."

"என்ன!"

"சட்டம், மகாராஜா."

"யார் இப்படிச் சட்டம் படிப்பது? மார்கழியில் போய்க் கேட்டால் நான் எப்படி அங்கே இருப்பேன்?"

"ஆனியில் போய்க் கேட்டால் கடமான் எப்படி இங்கே இருக்கும்?"

"அவை மிருகங்கள்! ஓரிடத்தில் நிலையாக இருக்கத் தெரியாதவை!"

"நீங்கள் நிலையாக இருப்பது எந்த மாளிகையில்?"

தூமகண்டன் குறுக்கே பாய்ந்தான். "மகாராஜா, இவளோடு பேச்சு வேண்டாம். வாயை மூடிக்கொள்ளுங்கள், தயவுசெய்து!"

"என்னையா வாயை மூடச் சொல்கிறாய்? என் அம்மாவின் வீட்டை எடுத்துக்கொள்வார்கள், நான் பேசாமல் இருக்க வேண்டுமா?" அரசனின் கண்கள் நிறைந்துவிட்டன. "பூட்டியிருந்தால் போய்விட்டான் என்று அர்த்தமா? வெயில் வந்தால் நான் வர மாட்டேனா? ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியுமே, போனவர் வருவார்!"

சொன்ன பிறகுதான் கையால் வாயைப் பொத்தினான்.

தத்தையின் முதுகில் முரசு நடுங்கியது, உறுமியது, நடுவாகக் கிழிந்தது. உள்ளேயிருந்து கிளம்பிய காற்றில் தூமகண்டன் முதலில் தாடி, அப்புறம் சட்டை, அப்புறம் சிரிப்பு என்று புகையாகிப் புகைபோக்கி வழியாக வெளியேறினான். அரசன் கண்களை மூடினான். அல்லி ஏரி, படிகள், படிவரை போகும் வழி எல்லாம் திரும்பி வந்தன. அவன் வெகுநேரம் கண்களைத் திறக்கவில்லை. திறந்தபோது, "இவ்வளவு வலிக்குமா, பெண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

"எனக்குத் தெரியாது, மகாராஜா. வருகிறவர்களைக் கேளுங்கள்."

கோடரிகள் கிடங்குக்குத் திரும்பின. நான்கு பருவங்களிலும் கேட்காமல் எந்த நிலத்தையும் எடுக்கக் கூடாது என்று சட்டம் திருத்தி எழுதப்பட்டது. எந்த நாளில் கேட்பது என்று முடிவுசெய்யும் உரிமை இனி முரசுக்காரிக்கே என்றும் அதில் ஒரு வரி சேர்ந்தது. அந்த வரியைத் தத்தை வாதாடித்தான் வாங்கினாள்.

மூன்றாம் நாள் காலை. ஊசியிலைக் காட்டின் ஓரத்தில் பனி பொலபொலவென்று உதிர்ந்தது. நெட்டைக்காலி முன்னால். அவள் தடத்தில் அளவாகக் குளம்பு வைத்து, தள்ளாடித் தள்ளாடிக் கன்று. அதற்குப் பின்னால் அத்தனை கடமான்களும். ஆற்றின் வாசனை வந்த இடத்தில் நெட்டைக்காலி நின்று, திரும்பி, கன்றைப் பார்த்து "வந்தாச்சு" என்றாள்.

அரசன் தத்தையைப் பார்த்தான். தத்தையிடம் முரசு இல்லை. இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, ஆனி மாதத்தில் கேட்ட அதே கேள்வியை அவள் மறுபடி கேட்டாள்.

"இங்கே யார் இருக்கிறீர்கள்?"

நெட்டைக்காலி ஒரு குச்சியை ஒடித்தாள், மென்றாள், விழுங்கினாள். பிறகு சொன்னாள்:

"நாங்கள்தான். ஆனியில் கூப்பிட்டீர்களாமே? கொஞ்சம் தூரம் நடக்க வேண்டியிருந்தது."