ஒரு செம்புத் தண்ணீர்

ஆற்றில் மணல் அள்ளிய குழியில்தான் மந்திரமூர்த்தியின் மகன் மூழ்கிப் போனான். அந்தக் குழியைச் சுற்றிச் சுவர் எழுப்ப ஊர் கூடியபோது, மந்திரமூர்த்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தச் சுவர்ல ஆத்து மணல் ஒரு பிடிகூடச் சேரக் கூடாது."

வேறு மணலுக்கு எங்கே போவது? தேரிக்காட்டில் செம்மணல் மலைமலையாய்க் கிடந்தது. அதில் கான்கிரீட் போடும் வித்தை பாலிடெக்னிக்கில் கட்டடப் பாடம் எடுக்கும் எஸ்தர் டீச்சருக்குத் தெரியும் என்றார்கள். தலை நரைத்த கொத்தனாரான மந்திரமூர்த்தி, தன் மகள் வயதுப் பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்டார்.

"இந்த மணல் ஏன் டீச்சர் பிடிக்க மாட்டேங்குது?"

டீச்சர் அவர் உள்ளங்கையில் கடுகைக் கொட்டினாள். "இறுக்கிப் பிடிங்க அண்ணாச்சி."

இறுக்க இறுக்கக் கடுகு விரலிடுக்கில் வழிந்தது.

"காத்துல உருண்டு உருண்டு இந்த மணலுக்கு முனை மழுங்கிட்டு. சாம்பலும் சுட்ட களிமண் பொடியும் இண்டு இடுக்கெல்லாம் போய் உக்காரணும். அப்பத்தான் பிடிக்கும்."

கலந்தார்கள். சோதனைக்கு ஒரு கட்டி வார்த்தார்கள். நனைத்து வைத்துக் காத்திருந்தார்கள்.

கட்டியின் பலத்தைச் சோதித்த அன்றைக்கு ஊர்த் தலைவர் செல்லையாவும் வந்து நின்றார். மிஷின் அமுக்கத் தொடங்கியதுமே கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது.

"நான் அப்பமே சொன்னேன்லா. காட்டு மணல் காட்டுக்குத்தான் லாயக்கு." தலைவர் போனை எடுத்தார். "ஆத்து மணல் லாரிக்குச் சொல்லிருதேன்."

டீச்சர் உடைந்த துண்டு ஒன்றை எடுத்து மந்திரமூர்த்தி கையில் வைத்தாள். உடைந்த இடமெங்கும் ஊசி குத்தியதுபோல் துளைகள்.

அவருக்குப் புரிந்தது. கட்டி வார்த்த அன்றைக்குக் கலவை கெட்டியாய் நின்றது. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், காலமெல்லாம் செய்த பழக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்திருந்தார். யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் பழி மணலோடு போய்விடும்.

"தலைவரே, போனை வையும். மணல் மேல குத்தமில்ல. நாந்தான் ஒரு செம்பு தண்ணி கூட ஊத்துனேன்."

"கொத்தனாரா வே நீரு? உம்ம மவன் போன குழிக்குக் கட்டுற சுவர் வே அது!"

"கலவையில கரண்டி ஓடல தலைவரே. கை கேக்கல."

தலைவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். "இன்னும் ஒரு தடவைதான். அதுவும் உடைஞ்சா லாரி வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மந்திரமூர்த்தி அந்தத் துண்டைக் கீழே வைக்கவில்லை.

"ஒரு செம்புதானே டீச்சர். அதுவும் காஞ்சு போயிட்டுல்லா?"

"தண்ணி போயிட்டு அண்ணாச்சி. அது இருந்த இடம் எங்க போகும்? குழியாத்தானே கிடக்கும்."